3 செ.மீ. தடிமனான குரோமட்சு (ஜப்பானியக் கரும்பைன்) அடிமரத்தை வளைக்க முடியுமா?

ஓமியாவாசி | அக்டோபர் 14

எல்லாருக்கும் வணக்கம். ஜப்பானில், சைத்தாமாவில் ஓமியா பக்கம் குடியிருக்கிறேன். 1923 நிலநடுக்கத்துக்குப் பிறகு டோக்கியோவை விட்டுக் கிளம்பிய தோட்டக்காரர்கள் 1925-ல் உண்டாக்கிய போன்சாய் கிராமம் வீட்டிலிருந்து சைக்கிளில் பத்து நிமிடம். ஆறு வருஷமாக வேலிக்கு வெளியே நின்று பார்த்ததோடு சரி. இந்த ஆகஸ்டில்தான் முதல்முறையாக ஒரு மரம் என் கைக்கு வந்தது.

பக்கத்து வீட்டுத் தாத்தா மகளோடு போய் இருக்க முடிவு செய்து, தொட்டிகளை ஒவ்வொருவருக்காகக் கொடுத்துக்கொண்டிருந்தார். எனக்கு ஒரு குரோமட்சு. கடற்கரையில் பொறுக்கிய விதையை அவரே போட்டு முளைக்கவைத்தது. இப்போது 22 வயது. உயரம் 48 செ.மீ. அடியில் தடிமன் 4 செ.மீ.க்குக் கொஞ்சம் குறைவு, நடுவில் 3 செ.மீ. இலைகள் கரும்பச்சையாக நன்றாக இருக்கின்றன. ஒரே குறை, முதல் 20 செ.மீ.க்குக் கிளையே கிடையாது, நெளிவும் கிடையாது. நட்டுவைத்த கழி மாதிரி நிற்கிறது. "கன்றாக இருக்கும்போதே கம்பி சுற்றியிருக்க வேண்டும், விட்டுவிட்டேன். நீ பார்த்துச் செய்" என்று சொல்லித்தான் கொடுத்தார்.

அந்த வார்த்தையிலிருந்து எனக்கு இதே நினைப்பு. 4 மி.மீ. அலுமினியக் கம்பி வாங்கி வைத்திருக்கிறேன். இது போதுமா? திருகி அழுத்தும் ஜாக்கி வைத்து வளைக்கிறார்களே, அதை என்னைப் போன்ற ஆள் செய்யலாமா? அடுத்த வாரம் மூன்று நாள் விடுப்பு இருக்கிறது, அப்போது செய்யலாம் என்று யோசனை.

கோவை சவுக்கு | அக்டோபர் 14

நான் பைன் வளர்த்ததில்லை. நம்மூர் வெயிலுக்குச் சவுக்குதான் எனக்குப் பைன். இதே மாதிரி நேராக இருந்த ஒரு சவுக்கில், வளைக்க வேண்டிய இடத்தில் உள்பக்கமாக ஆப்பு வடிவத்தில் ஒரு வெட்டுப் போட்டு, மடக்கி, கம்பியால் இறுக்கிக் கட்டினேன். ஆறு மாதத்தில் மூடிக்கொண்டது. அதுவும் ஒத்துவராவிட்டால் பாதியில் அறுத்துவிட்டுத் துளிர்க்க விடலாம். மரம் ஆரோக்கியமாக இருந்தால் தைரியமாகச் செய்யுங்கள்.

தகாமட்சு அக்கா | அக்டோபர் 15

தம்பி, அந்த மரத்தில் அடுத்த வாரம் கை வைக்காதீர்கள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

நான் இங்கே தகாமட்சுவுக்குக் கல்யாணமாகி வந்து 14 வருஷம். இந்த ஊரிலேயே கினாஷியில் ஒரு பைன் தோட்டத்தில் வாரம் மூன்று நாள் வேலைக்குப் போகிறேன், ஒன்பது வருஷமாக. ஜப்பானில் விற்கிற பைன் போன்சாயில் ஏறக்குறைய 80 சதவீதம் கினாஷி, கொகுபுன்ஜி என்ற இந்த இரண்டு பகுதிகளிலிருந்துதான் போகிறது. ரயிலை விட்டு இறங்கி நடந்தால் நம்மூரில் வாழைத்தோட்டம் வருகிற மாதிரி வீட்டுக்கு வீடு பைன் வயல் வரும். அங்கே கன்றுக்கு இரண்டு, மூன்று வயதாகும்போதே, தண்டு பென்சில் அளவுக்கு வருவதற்குள் கம்பி சுற்றி நெளித்துவிடுகிறோம். ஒரு ஆள் உட்கார்ந்தால் ஒரு காலையில் நூற்றுக்கணக்கில் முடிப்பார். உங்கள் தாத்தா சொன்னது அந்த வேலையைத்தான். அது தவறிப்போன மரத்துக்கும் வழி இருக்கிறது, ஆனால் வேறு கணக்கு.

ஏன் இப்போது கூடாது என்றால், செப்டம்பர், அக்டோபரில் குரோமட்சு உடம்பு பெருக்கும் காலம். பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே வழவழப்பாக ஒரு படலம் இருக்கிறதே, கேம்பியம், அது இப்போது முழுவீச்சில் வேலை செய்கிறது. அந்த நேரத்தில் பட்டையின் பிடி இளகி இருக்கும். வசந்தத்திலும் அப்படித்தான். மூன்றாம் வருஷம் எனக்கே இது நடந்தது. மே மாதம், என் சொந்த மரம், 2 செ.மீ. தடிமன்கூட இருக்காது. கம்பி சுற்றி முறுக்கி வளைத்துக்கொண்டிருந்தபோது உள்ளங்கைக்குள் ஈரமாக ஏதோ நழுவியது. சத்தம் எதுவும் வரவில்லை. வெந்த பனங்கிழங்கின் தோல் சுழலுமே, அப்படிப் பட்டை சுழன்றுவிட்டது. மரம் பச்சையாகவே இரண்டு மாதம் நின்றது. பிழைத்துவிட்டது என்று நம்பினேன். ஜூலை கடைசியில் ஒரே வாரத்தில் தலை முழுவதும் வைக்கோல் நிறமானது. பைன் செத்த சேதியை இரண்டு மாதம் கழித்துத்தான் சொல்லும். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை, மரம் அடங்கி இருக்கும்போது செய்யுங்கள்.

கோவை அண்ணாவுக்கு: சவுக்கு பழைய கட்டையிலிருந்தும் துளிர்த்துவிடும், அந்தத் தைரியம் பைனுக்குச் செல்லாது. பச்சை இலை ஒன்றுகூட மிச்சமில்லாத கிளை பைனில் அதோடு முடிந்தது. தம்பியின் மரத்தில் முதல் 20 செ.மீ.யில் ஒரு கிளைகூட இல்லை. அதற்குள் எங்கே அறுத்தாலும் மரம் போய்விடும்.

இப்போது எனக்கு ஒரு விஷயம் தெரிய வேண்டும். பட்டை எப்படி இருக்கிறது? வழவழப்பாக இருக்கிறதா, பாளம் பாளமாக வெடிக்க ஆரம்பித்துவிட்டதா? 22 வயது என்றால் அடியில் வெடித்திருக்க வேண்டும். குரோமட்சுவில் மனிதர்கள் விலை கொடுப்பது அந்தப் பட்டைக்கு. கம்பியும் நாரும் சுற்றி வளைத்தால் அந்தப் பாளங்கள் உதிர்ந்துவிடும். மறுபடி வர இருபது வருஷம் காத்திருக்க வேண்டும்.

ஓமியாவாசி | அக்டோபர் 15

அக்கா, நல்லவேளை கேட்டேன். இப்போதுதான் டார்ச் அடித்துப் பார்த்தேன். மண்ணிலிருந்து 7 செ.மீ. வரை கறுத்துப் பாளமாக வெடித்திருக்கிறது, விரல் நகம் அளவுக்கு. அதற்கு மேல் சாம்பல் நிறத்தில் மெல்லிய செதில்கள், தொட்டால் உதிர்கின்றன. வளைத்தே ஆக வேண்டுமா என்று எனக்கே இப்போது சந்தேகமாக இருக்கிறது. ஆனால் நேராக நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் தாத்தா முகம்தான் வருகிறது.

தகாமட்சு அக்கா | அக்டோபர் 16

அப்படியென்றால் கீழே 7 செ.மீ.யைத் தொடவே வேண்டாம். அது 22 வருஷத்துச் சம்பாத்தியம்.

இன்று சாயங்காலம் ஒன்று செய்து பாருங்கள். தொட்டியின் ஒரு பக்கத்துக்கு அடியில் மரக்கட்டை வைத்து, மரத்தை 20, 25 டிகிரி சாய்த்து நிறுத்துங்கள். பத்து அடி தள்ளிப் போய் உட்கார்ந்து பாருங்கள். நேரான மரம் சாய்ந்த மரமாகிவிடும், ஒரு கம்பிகூடச் செலவில்லை. அடுத்து கையை நீட்டி, 12 செ.மீ. உயரத்துக்கு மேல் இருக்கும் பகுதி எதிர்ப்பக்கமாக நிமிர்ந்து வந்தால் எப்படி இருக்கும் என்று மனசில் போட்டுப் பாருங்கள். அடியிலிருந்து சாய்ந்து கிளம்பி, ஒரு இடத்தில் மனம் மாறித் திரும்பும் மரம். கடற்கரைப் பைன் அப்படித்தான் நிற்கும். நெளிவில் பாதி சாய்மானத்திலேயே கிடைத்துவிடுகிறது. மீதிக்கு மட்டும்தான் வளைக்க வேண்டும், அதுவும் 3 செ.மீ. தடிமன் உள்ள, நல்ல பட்டை இல்லாத இடத்தில்.

4 மி.மீ. கம்பி இந்த வேலைக்குப் பற்றாது. வளைக்கிற இடத்தின் தடிமனில் மூன்றில் ஒரு பங்காவது கம்பி இருக்க வேண்டும் என்பது தோட்டத்து வழக்கு. உங்களுக்கு 1 செ.மீ. கம்பி வேண்டியிருக்கும், அதைக் கையால் சுற்ற முடியாது. அதனால் நார், தண்டோடு நீளவாக்கில் வைக்கும் நெடுக்குக் கம்பி, ஜாக்கி. 4 மி.மீ. வீணாகாது, நெடுக்குக் கம்பிக்கு அதுவே சரி.

நாகோயா மெக்கானிக்கல் | அக்டோபர் 16

போன்சாய் பற்றி எனக்கு அதிகம் தெரியாது, வளைவதைப் பற்றிக் கொஞ்சம் தெரியும். உருண்டைக் கட்டையின் விறைப்பு தடிமனின் நான்காம் அடுக்கில் ஏறும். 1.5 செ.மீ. தண்டை வளைக்கும் விசையைவிட 3 செ.மீ. தண்டுக்கு 16 மடங்கு வேண்டும். அக்கா சொல்லும் பென்சில் கன்று அதைவிடவும் மெல்லியது, அதற்கும் இந்த மரத்துக்கும் உள்ள தூரம் இன்னும் அதிகம்.

இன்னொன்று. வளையும்போது வெளிப்பக்கம் இழுபடும், உள்பக்கம் நசுங்கும். பச்சைக்கட்டை நசுங்குவதற்கு நன்றாக இடம் கொடுக்கும், இழுத்தால் சட்டென்று பிளக்கும். நாற்காலிக்குக் கட்டையை ஆவியில் வேகவைத்து வளைப்பவர்கள் வெளிப்பக்கம் ஒரு இரும்புப் பட்டையை இறுக்கிப் போடுவது இதற்காகத்தான். வெளிப்பக்கம் நீளாமல் பிடித்துக்கொண்டால் முழு வேலையும் உள்பக்கத்து நசுங்கலில் நடக்கும். அக்காவின் நெடுக்குக் கம்பியும் நாரும் அதே வேலையைத்தான் செய்கின்றன என்று நினைக்கிறேன்.

தண்டை நெடுக்குவாக்கில் நடுவே பிளந்துவிட்டு வளைப்பார்களாமே? இரண்டு பாதியும் புத்தகத் தாள் மாதிரி ஒன்றன்மேல் ஒன்று நழுவினால், விறைப்பு கால்வாசிக்குப் பக்கத்தில் இறங்கிவிடும். ஏன் அதைச் செய்யக்கூடாது?

தகாமட்சு அக்கா | அக்டோபர் 17

பிளப்பது உண்டு. அதற்கென்றே மண்டை பெருத்த ஒரு குறடு இருக்கிறது. ஓமியாவின் போன்சாய் கலைஞர் கிமுரா மசாஹிகோ போன்றவர்கள் மின்கருவியால் பின்பக்கத்தைக் குடைந்து, உள்ளே இருக்கும் வைரக்கட்டையை வெளியே எடுத்துவிட்டு, உயிருள்ள பட்டைப் பகுதியை மட்டும் வளைத்துக் காட்டியிருக்கிறார்கள். அதைச் செய்யும் கைக்கு அது தெரியும். முதல் மரத்தில், அதுவும் ஒருவர் 22 வருஷம் தண்ணீர் ஊற்றிக் கொடுத்த மரத்தில், நான் சொல்லமாட்டேன். காயம் ஆற வருஷக்கணக்காகும், பைனில் தழும்பும் மறையாது. 3 செ.மீ.க்கு அது தேவையும் இல்லை. நெடுக்குக் கம்பி பற்றி நீங்கள் சொன்னது மிகச் சரி, எங்கள் ஆசிரியர் இதைக் கையால்தான் காட்டினார், காரணம் இன்றைக்குத்தான் புரிந்தது.

தம்பி, செய்முறை எழுதுகிறேன். டிசம்பரில் வெயில் உள்ள ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள். முந்தின நாள் தண்ணீர் ஊற்றாதீர்கள். தண்டில் நீர் கொஞ்சம் இறங்கி இருந்தால் இணங்கி வரும்.

ராஃபியா நார் வாங்குங்கள். நம்மூரில் பூக்கட்டுகிற வாழைநார் மாதிரியேதான் இருக்கும், வேலையும் அதே மாதிரி. அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, ஏழெட்டு இழையைச் சேர்த்துப் பிடித்து, கீழிருந்து மேலாக இடைவெளி விடாமல் இழுத்துச் சுற்றுங்கள். பூக்காரம்மா முடிச்சைக் கட்டைவிரலால் அழுத்தி இறுக்குவார்களே, ஒவ்வொரு சுற்றும் அந்த இறுக்கத்தில் இருக்க வேண்டும். ஒரு அடுக்கு முடிந்ததும் வளைவின் வெளிப்பக்கமாக 4 மி.மீ. கம்பியை நான்கு துண்டு, நெடுக்காக, பக்கத்துப் பக்கத்தில் வையுங்கள். அதன்மேல் இன்னொரு அடுக்கு நார். பிறகு பழைய சைக்கிள் டியூபை நெடுக வெட்டி ஒரு சுற்று. நார் காய்ந்து இறுகும்.

ஜாக்கிக்கு இரண்டு கொக்கி, நடுவில் ஒரு திருகு. கொக்கிகள் மேலும் கீழும் பிடித்து இழுக்கும், திருகு நடுவில் தள்ளும். கீழ்க்கொக்கி நல்ல பட்டையின்மேல் வரும், அந்த இடத்துக்குத் தடிமனான ரப்பர் இரண்டு மடிப்பு. அதற்கு முன்னால் மரத்தைத் தொட்டியோடும், தொட்டியைப் பலகையோடும் அசையாமல் கட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் போடும் விசையில் தண்டு நிற்கும், வேர் ஆடிவிடும்.

திருகுவதற்கு முன்பு இரண்டு கையாலும் தண்டைப் பிடித்து, வளைக்கப் போகும் திசையில் லேசாக நாலைந்து தரம் அசைத்துக் கொடுங்கள். உடனே வளைக்கக் கூடாது, கட்டையின் இழைகளைப் பழக்குவதற்குத்தான். அதன்பிறகு திருகில் அரைச் சுற்று. நிறுத்துங்கள். ஒரு கை வளைவின் வெளிப்பக்கத்திலேயே இருக்கட்டும். "நெறுநெறு" என்று மெல்லியதாகக் கேட்டால் பயப்பட வேண்டாம், உள்பக்கம் நசுங்குகிறது. "டக்" என்று ஒற்றைச் சத்தம் வந்தால் அன்றைக்கு அதோடு முடித்துவிடுங்கள். திருகைப் பின்னால் எடுக்கவும் வேண்டாம். முதல் நாள் ஒரு செ.மீ. நகர்ந்தால் போதும். இரண்டு வாரம் விட்டு அடுத்த ஒரு செ.மீ. கடைசியில் உங்களுக்கு வேண்டிய அளவைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே வளைத்து நிறுத்துங்கள், கழற்றும்போது திரும்பும்.

இவ்வளவும் செய்தால் வரும் வருஷம் வேறு எந்தத் தொந்தரவும் கொடுக்கக்கூடாது. ஜூன் கடைசியில் எல்லாரும் புதுத்துளிரை வெட்டும் மெகிரி வேலையில் இறங்குவார்கள், நீங்கள் செய்யாதீர்கள். தொட்டி மாற்றுவதும் சாய்த்து நடுவதும் அதற்கடுத்த வருஷம் மார்ச்சில். வளைத்த பிறகு உறைபனியும் காற்றும் படாத இடத்தில் வையுங்கள், ஆனால் ஹீட்டர் போட்ட அறைக்குள் கொண்டுபோகாதீர்கள்.

ஓமியாவாசி | அக்டோபர் 17

எழுத்துக்கு எழுத்து அப்படியே செய்கிறேன் அக்கா. ஒரு சந்தேகம். ஜாக்கியை எடுத்ததும் பழையபடி நிமிர்ந்துவிடாதா? எதனால் அந்த வளைவு நிற்கிறது?

தகாமட்சு அக்கா | அக்டோபர் 18

பழைய கட்டை எப்போதும் நிமிரத்தான் பார்க்கும். பிடித்து வைத்திருப்பது அதன்மேல் புதிதாகப் போடும் வளையம். பைன் சாதி மரங்கள் சாய்ந்தால், சாய்ந்த பக்கத்துக்கு அடியில் தடித்த, கனமான கட்டையைப் போடும். வசந்தத்தில் ஒரு வளையம், இலையுதிர்காலத்தில் உடம்பு பெருக்கும்போது இன்னும் கொஞ்சம். அதனால்தான் ஒரு வருஷமாவது விட வேண்டும். ஆனால் அதே பெருக்கத்தில்தான் கம்பி பட்டையைக் கடிக்கும். ஆகஸ்ட் கடைசியிலிருந்து வாரம் ஒருமுறை பாருங்கள். கடிக்க ஆரம்பித்தால் சுற்றிச் சுற்றி அவிழ்க்காதீர்கள், துண்டு துண்டாக வெட்டி எடுங்கள். கம்பியைவிட மரம் விலை அதிகம்.

ஓமியாவாசி | ஜனவரி 26

அக்கா, மூன்று தவணையாக முடித்துவிட்டேன். டிசம்பர் 20, ஜனவரி 10, நேற்று. நார் சுற்றவே முதல் நாள் இரண்டரை மணி நேரம் ஆனது. மனைவிதான் சுற்றினாள். அவள் பாட்டி ஸ்ரீரங்கத்தில் பூக்கட்டியவர். நான் சுற்றிய பகுதியை அவிழ்த்துவிட்டு அவளே மறுபடி சுற்றினாள், விரலை நுழைக்க இடமில்லை.

முதல் இரண்டு தடவையும் நெறுநெறு மட்டும்தான். நேற்று, மொத்தம் 3 செ.மீ. நகர்ந்த சமயத்தில், ஒரு "டக்". கை வெளிப்பக்கத்தில் இருந்ததால் உள்ளே துடித்ததுபோல் தெரிந்தது. உடனே நிறுத்திவிட்டேன். இன்று காலை பார்த்தால் டியூபின் மேல் விளிம்பில் ஒரு சொட்டுப் பிசின், கடுகு அளவு, தெளிவாகத் தேன் நிறத்தில். நாரை அவிழ்த்துப் பார்க்கட்டுமா?

தகாமட்சு அக்கா | ஜனவரி 26

அவிழ்க்காதீர்கள்! அந்த நார்தான் விரிசலைச் சேர்த்துப் பிடித்திருக்கிறது. தெளிவான பிசின் வந்தால் அந்த இடத்தில் இன்னும் உயிர் இருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்வேன். விளிம்பில் தெரிகிற இடத்துக்கு மட்டும் காயத்துக்குப் பூசுகிற பசையை அப்பிவிடுங்கள். 4 செ.மீ. ஆசை வேண்டாம், 3 போதும். ஜாக்கி அப்படியே மே மாதம் வரை இருக்கட்டும். தண்ணீர் வழக்கம்போல், மண்ணின் மேல்பகுதி காய்ந்த பிறகு.

கிளைகளின் நிறத்தை முந்தின மாதத்தோடு ஒப்பிட மாதம் ஒருமுறை படம் எடுத்து வையுங்கள். ஒரே வெளிச்சத்தில், ஒரே இடத்தில் வைத்து. ஏப்ரலில் துளிர் மெழுகுவர்த்தி மாதிரி நீளும்போது எல்லாக் கிளைகளிலும் ஒரே வேகத்தில் நீண்டால் எனக்கு உடனே எழுதுங்கள்.

ஓமியாவாசி | ஜனவரி 27

பசை பூசிவிட்டேன். தாத்தாவுக்கு நேற்று படம் அனுப்பினேன். டியூபும் ஜாக்கியுமாக இருப்பதைப் பார்த்துப் பயப்படுவாரோ என்று நினைத்தேன். "எந்தப் பக்கம் சாய்த்து நடப்போகிறாய்?" என்று மட்டும் கேட்டிருக்கிறார்.

தகாமட்சு அக்கா | ஜனவரி 27

அதை அவரிடமே கேளுங்கள் தம்பி. பெரிய வேர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று அவருக்குத்தான் தெரியும். சாய்கிற பக்கத்துக்கு எதிரே ஒரு வேராவது இழுத்துப் பிடிப்பதுபோல் இருக்க வேண்டும்.